டிராக்குக்கு வரும் பிள்ளைகளுக்கு: கியர் லீவரைப் பற்றிச் சில வார்த்தைகள்

ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பழக வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது வேகத்தைப் பற்றி, அடுத்து டயரைப் பற்றி, அதற்கப்புறம் சஸ்பென்ஷனைப் பற்றி. கியரைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. லைசென்ஸ் வாங்கி நாலைந்து வருஷம் ஓட்டியாயிற்று, கியர் போடத் தெரியாதா என்கிற தைரியம். ஆனால் இருங்காட்டுக்கோட்டையிலோ செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேயிலோ சில நாள் சாயங்காலம் லாரியில் ஏறும் வண்டியைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தாலும் ஒரு கீறல் தென்படாது. போனது இன்ஜின். போக வைத்தது ஓட்டியவனின் இடது கை.

மேனுவல் கியர் ஸ்போர்ட்ஸ் காரை முதல்முறையாக டிராக்குக்குக் கொண்டுவரும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் இதை எழுதுகிறேன். எண் போட்டிருப்பது வரிசைக்காகத்தான், எல்லாம் ஒரே எடை இல்லை. நேரமில்லாதவர்கள் நாலாவதையும் எட்டாவதையும் மட்டுமாவது படியுங்கள்.

1. எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று முதலில் பிரித்துக்கொள். மூன்றிலிருந்து நான்குக்குப் போகும்போது லீவர் எதிலும் விழாமல் நியூட்ரலில் நின்றுவிடுகிறது. நீ ஆக்சிலரேட்டரை மிதிக்க, இன்ஜின் வீறிடுகிறது. இதில் வெட்கம் உண்டு, சேதம் அநேகமாக இல்லை. ரெவ் லிமிட்டர் பெட்ரோலையோ ஸ்பார்க்கையோ வெட்டி, ரெட்லைன் பக்கத்திலேயே பிடித்து நிறுத்திவிடும். சோழவரம் ரன்வேயில் கார்புரேட்டர் வண்டிகள் ஓடிய காலத்தில் அந்தக் காவல் கிடையாது, அன்றைக்கு நியூட்ரலே இன்ஜினைத் தின்றுவிடும்.

இன்றைய ஆபத்து வேறு. மேல் கியருக்குப் போக வேண்டிய லீவர் கீழ்க் கியரில் விழுகிறது, நீ கிளட்சை விடுகிறாய். அந்த நொடியில் இன்ஜினைச் சுற்றுவது பெட்ரோல் இல்லை, சக்கரம். நூற்றைம்பதில் ஓடும் வண்டியின் வேகம் முழுக்கக் கியர்பாக்ஸ் வழியாக வந்து கிராங்க் ஷாஃப்டைப் பிடித்து முறுக்கும். லிமிட்டர் தன் கடமைக்குப் பெட்ரோலை வெட்டும். வெட்டி என்ன பயன்? டிராக்கில் ‘மணி ஷிப்ட்’ என்று சொல்வது இதைத்தான். டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக்காக இருந்தால் கம்ப்யூட்டர் “முடியாது” என்று கியரை மறுத்துவிடும். மேனுவலில் மறுக்க ஆள் இல்லை.

2. உன் வண்டிக்கு ஒருமுறை கணக்குப் போட்டுப் பார். உதாரணத்துக்கு 1999-ல் வந்த ஹோண்டா எஸ்2000. இரண்டு லிட்டர், டர்போ கிடையாது, 9,000 ஆர்பிஎம்மை ஒட்டிய ரெட்லைன். கியர் விகிதங்கள்: முதலாவது 3.133, இரண்டாவது 2.045, மூன்றாவது 1.481, நான்காவது 1.161. மூன்றில் 8,800 வரை இழுத்து நான்கைப் போட்டால் ரெவ் 6,900-க்கு இறங்கும். அதே வேகத்தில் இரண்டில் விழுந்தால் 12,150-க்கு ஏறும். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகிறவன் ஒன்றில் விழுந்தால் கணக்கு 13,400-ஐத் தாண்டுகிறது. பிஸ்டனையும் ராடையும் பிய்க்கப் பார்க்கும் விசை ரெவ்வின் வர்க்கத்தில் ஏறுவது. 8,800 எங்கே, 12,150 எங்கே என்று பார்த்தால் விசை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

ஒவ்வொரு கியரிலும் ரெட்லைன் தொடும்போது எத்தனை கிலோமீட்டர் வேகம் என்று ஒரு சின்னத் தாளில் எழுதி, மீட்டர் ஓரத்தில் ஒட்டிக்கொள். எஸ்2000-க்கு இரண்டாம் கியர் சுமார் 105. அந்த எண்ணைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும்.

3. உள்ளே என்ன உடைகிறது என்று தெரிந்தால் கை தானாக மெதுவாகும். முதலில் தோற்பது வால்வு ஸ்பிரிங். கேம் தள்ளிய வால்வை நேரத்துக்குத் திரும்ப இழுக்க அதற்கு வலு போதாது. வால்வு திறந்தபடியே தொங்கும்போது பிஸ்டன் மேலே வந்து இடிக்கும். வால்வு வளைந்தது என்றால் ஹெட்டைக் கழற்றாமல் வேலை இல்லை. சில வண்டிகளில் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் ரிட்டெய்னர் விரிசல் விடும். பழைய எஸ்2000-க்கு இது பெயர்பெற்ற வியாதி. அதனாலேயே பலர் பின்னால் வந்த மாடலின் ரிட்டெய்னரை வாங்கி மாற்றினார்கள்.

இதைவிடக் கள்ளத்தனமானது கனெக்டிங் ராட் போல்ட். எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் உச்சியில், மேலிருந்து அழுத்தும் வாயு எதுவும் இல்லாத நேரத்தில், பிஸ்டனின் எடை முழுக்க அந்தப் போல்ட்டில் தொங்கி இழுக்கும். போல்ட் உடையாது, ஒரு மயிரிழை நீளும். நீண்ட போல்ட்டின் பிடி தளர்ந்து பேரிங் கெடும். அதற்கப்புறம் என்றைக்கு ராட் பிளாக்கைப் பிளந்துகொண்டு வெளியே எட்டிப் பார்க்கும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. பின்சக்கர டிரைவ் வண்டி என்றால் இன்னொன்றும் உண்டு: பின்டயர் இரண்டும் ஒரு கணம் பிரேக் பிடித்தது போல் நின்று, வண்டி சுழன்றுவிடும். இன்ஜினைப் பற்றிக் கவலைப்பட அப்போது நேரமிருக்காது.

4. இடது கையால் கியர் போடுகிறவனுக்கு ஆபத்து வேறு இடத்தில். அமெரிக்கக்காரனும் ஜெர்மன்காரனும் எச்சரிப்பது பெரும்பாலும் ஒன்றைத்தான்: மூன்றிலிருந்து நான்குக்கு இழுக்கும்போது இரண்டில் விழாதே. அவர்களுக்கு அது சரி. இடப்பக்கம் உட்கார்ந்து வலது கையால் லீவரை இழுக்கிறார்கள். எதை இழுத்தாலும் கை உடம்பை நோக்கி வரும். அவர்கள் உடம்பு இருப்பது இடப்பக்கம், இரண்டாம் கியர் இருப்பதும் இடப்பக்கம்.

நம் ஊரில் ஸ்டியரிங் வலப்பக்கம், லீவர் இடது கையில். லீவரின் வரைபடம் மட்டும் மாறவில்லை: ஒன்றும் இரண்டும் இடக்கோடி, மூன்றும் நான்கும் நடு, ஐந்தும் ஆறும் வலக்கோடி. ஆகவே நாம் இழுத்தால் கை வலப்பக்கம் சாயும். நான்கைத் தேடிய லீவர் ஆறில் விழும். வண்டி இழுவை இல்லாமல் சொணங்கும், அவ்வளவுதான்; திரும்ப எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

நமக்குக் கண்டம் முன்னால் தள்ளும்போது. தள்ளும் கை உடம்பை விட்டு விலகி இடப்பக்கம் ஓடும். நான்கிலிருந்து ஐந்துக்குத் தள்ளினால் மூன்றில் விழும். இரண்டிலிருந்து மூன்றுக்குத் தள்ளினால் ஒன்றின் வாசலில் போய் முட்டும். டவுன்ஷிப்டிலும் இதே கதைதான்: ஆறிலிருந்து ஐந்துக்குத் தள்ளுகிறவன் மூன்றில் விழுவான், நான்கிலிருந்து மூன்றுக்குத் தள்ளுகிறவன் ஒன்றைத் தொடுவான். இவற்றில் மிக மோசமானது எது என்று கேட்டால் நான்கு-ஐந்து-மூன்று என்பேன். ஒன்றாம் கியர் அந்த வேகத்தில் சுலபத்தில் உள்ளே விடாது, கியர்களின் வேகத்தை ஒத்துவைக்கும் சிங்க்ரோ முரண்டு பிடிக்கும். மூன்று அப்படி இல்லை. நான்குக்குப் பக்கத்து விகிதம் என்பதால் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். தப்பு நடந்தது கைக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். அதே எஸ்2000-ல் 8,800-க்கு இந்தத் தப்பைச் செய்தால் 11,200.

இலங்கை, மலேசியா, சிங்கப்பூர்த் தம்பிகளுக்கும் இதே கணக்குத்தான். பாரிசிலும் டொராண்டோவிலும் ஓட்டுகிறவர்கள் தலைகீழாக எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே ஓட்டிப் பழகி அங்கே போய் டிராக்கில் இறங்குகிறவன் இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும். பழகிய கை பழைய திசையிலேயே போகும்.

5. லீவரை முஷ்டியால் பிடிக்காதே. முஷ்டி பிடித்தால் தோள் வரை இறுகும், தோளின் அசைவெல்லாம் லீவரில் இறங்கும். ஒன்று-இரண்டு வரிசைக்கு உள்ளங்கை குமிழின் வலப்பக்கம் இருக்கட்டும், கட்டைவிரல் கீழ்நோக்கி. இடப்பக்கம் லேசாக அணைத்தபடி தள்ளு, இழு. மூன்று-நான்குக்கு விரல் நுனி போதும், எந்தப் பக்கமும் அணைக்காதே. ஐந்து-ஆறுக்குக் கையைக் குமிழின் இடப்பக்கம் கொண்டுபோ, கட்டைவிரல் மேலே. உன்னை நோக்கி அணைத்துப் பிடித்துக்கொண்டே தள்ளு. நான்கிலிருந்து ஐந்துக்குப் போகும்போது கை இந்த இடத்துக்கு மாறிவிட்டால் மூன்றில் விழ வழியே இல்லை.

வீட்டு வாசலில், இன்ஜினை நிறுத்தி, கிளட்சை மிதித்துக்கொண்டு இதைப் பழகு. கண்ணை மூடிக்கொண்டு, யாரையாவது எண்ணைச் சொல்லச் சொல்லிப் போட்டுப் பார். அக்கம்பக்கம் சிரிக்கும், சிரிக்கட்டும்.

6. நடுவில் ஸ்பிரிங் இருக்கிறது, அதை வேலை செய்ய விடு. நியூட்ரலில் கையை எடுத்துவிட்டால் லீவர் தானாக மூன்று-நான்கு வரிசைக்கு வந்து நிற்கும், பெரும்பாலான கியர்பாக்ஸில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். இரண்டிலிருந்து மூன்றுக்குக் குறுக்கே கோடு போட்டுக்கொண்டு போகாதே. இரண்டை விட்டு நியூட்ரலுக்குக் கொண்டு வா, பிடியை ஒரு கணம் தளர்த்து, ஸ்பிரிங் நடுவில் நிறுத்தும், அங்கிருந்து நேராகத் தள்ளு. பார்க்கிறவனுக்கு ஒரே அசைவாகத்தான் தெரியும்.

7. அவசரத்தில் என்ன மிச்சம் என்று கேட்டுக்கொள். நிதானமாகப் போட்டால் ஒரு ஷிப்டுக்குக் கால் நொடி போகும் என்று வை. இருங்காட்டுக்கோட்டை முழுச் சுற்று 3.7 கிலோமீட்டர். அதில் ஒரே ஒரு வளைவில் பிரேக்கைச் சரியான இடத்தில் பிடித்து, சரியான வேகத்தில் வெளியே வந்தால் அதைவிட அதிகம் கிடைக்கும். பழகும் வயதில் நேரத்தைத் தேட வேண்டிய இடம் கியர் லீவர் இல்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமலே கியர் மாற்றும் வித்தையைச் செய்துகாட்ட ஒருவன் வருவான். அவன் வண்டியில் செய்யட்டும்.

8. பிரேக் முதலில், கியர் அப்புறம். இன்ஜின் உடைவது எப்போதும் கியர் வரிசை தப்பியதால் இல்லை. சரியான கியரை, சீக்கிரமாகப் போட்டதாலும் உடையும். கிரேட்டர் நொய்டா புத்த் சர்க்யூட்டில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நேராக ஓடும் பாதை உண்டு. அதன் கடைசியில் உச்ச கியரிலிருந்து கீழ்க் கியருக்கு இறங்கித் திரும்ப வேண்டும். புதிதாக வருகிறவன் பயத்தில் பிரேக்கை மிதித்த மாத்திரத்தில் கையையும் ஓட்டிவிடுவான்: நான்கு, மூன்று, இரண்டு என்று வண்டி குறைவதற்குள் லீவர் கீழே போய்விடும். இரண்டுதான் அந்த வளைவுக்குச் சரியான கியராக இருக்கலாம். ஆனால் நூற்றுநாற்பதில் அது சரியான கியர் இல்லை.

வண்டியை நிறுத்துவது பிரேக்கின் வேலை. இன்ஜினைக் கொண்டு வேகத்தைக் குறைப்பது மலைப்பாதையில் நல்ல பழக்கம், டிராக்கில் கெட்ட பழக்கம்; பிரேக் பேட் மாற்றுகிற செலவு எங்கே, இன்ஜின் செலவு எங்கே? ஆகவே நேராகப் பிரேக் பிடி, பாதி வேகம் கழியட்டும், அப்புறம் கையை நகர்த்து. மீட்டர் ஓரத்தில் ஒட்டிய எண்ணுக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கீழே வந்த பிறகே அந்தக் கியர். ஒவ்வொன்றாக இறங்கு. இறங்கும்போது எண்ணை வாய்விட்டுச் சொல். ஹெல்மெட்டுக்குள் யாருக்கும் கேட்காது. கியரைத் தாண்டித் தாண்டி ஒரே வீச்சில் இறங்கும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். ஐந்திலிருந்து இரண்டுக்கு ஒரே தாவல் போடுகிறவனுக்கு நேரம் தப்பினால் அந்தத் தப்பு மிகப் பெரியது, அதனால் ஆரம்பத்தில் அது வேண்டாம்.

ஹீல் அண்ட் டோ கற்றுக்கொள், ஆனால் முதல் நாளே இல்லை. பிரேக்கை மிதித்தபடி குதிகாலாலோ பாதத்தின் ஓரத்தாலோ ஆக்சிலரேட்டரைத் தட்டி ரெவ்வை ஏற்றும் வித்தை அது. மூன்று பெடலும் ஒரே நேரத்தில் மனதில் ஓடும்போது கை என்ன செய்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

9. கிளட்ச் கால்தான் கடைசிக் காவல். அடி வரை மிதி, அரைகுறையாக மிதித்தால் கிளட்ச் முழுதாக விடுபடாமல் கியர் கரகரக்கும், அந்தக் கரகரப்பில் கை தடுமாறும். விடும்போது படாரென்று விடாதே. தப்பான கியர் என்றால் கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் இடத்திலேயே இன்ஜின் சத்தம் ஏறும். கால் மெதுவாக வந்தால் அங்கேயே திரும்ப மிதித்துத் தப்பிக்கலாம்.

லீவர் உள்ளே போக மறுத்தால் மதிப்புக் கொடு. வேகத்துக்கும் கியருக்கும் பொருந்தவில்லை என்று சிங்க்ரோ சொல்கிறது, நீ தோளைக் கொடுத்து அழுத்தாதே. அழுத்திச் சொருகிவிட்டு, “கிளட்சை இன்னும் விடவில்லையே” என்று நிம்மதிப்படவும் கூடாது. இன்ஜின் தப்பித்திருக்கும், ஆனால் கியரோடு இணைந்த கிளட்ச் பிளேட் அந்நேரம் சக்கர வேகத்தில் தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அதிவேகத்தில் ஒன்றாம் கியரில் சொருகிய வண்டிகளில் பிளேட்டின் லைனிங் சிதறிப்போவது உண்டு. கிளட்சை மிதித்தபடியே லீவரை நியூட்ரலுக்கு எடு.

10. வளைவின் நடுவே கியர் மாற்றாதே. உன் உடம்பும் சாய்கிறது, இன்ஜினும் அதன் ரப்பர் மவுண்ட் மேல் சாய்கிறது, லீவரின் வாசல்கள் எல்லாம் அரை விரல் நகர்ந்து நிற்கின்றன. மவுண்ட் பழையதாக இருந்தால் இன்னும் மோசம். பதினைந்து வருஷத்து ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி, லீவர் நகரும் தூரத்தைக் குறைக்கும் ஷார்ட் ஷிப்டரைப் பூட்டிக்கொண்டு வருகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். அதற்குக் கொட்டுகிற பணத்தில் இன்ஜின் மவுண்ட், கியர்பாக்ஸ் மவுண்ட், லீவர் அடியில் தேய்ந்த புஷ் மூன்றையும் மாற்றலாம். நியூட்ரலில் லீவரை விரலால் ஆட்டிப் பார், குழந்தை பல் மாதிரி ஆடினால் புஷ் போய்விட்டது என்று அர்த்தம்.

11. சீட்டை முன்னால் தள்ளி உட்கார். செருப்போடு வராதே. தளர்வான மேட்டைக் கழற்றி டிக்கியில் போடு. வேறு சொல்ல ஒன்றுமில்லை.

12. நடந்துவிட்டது என்றால்: கிளட்ச், நியூட்ரல், கையைத் தூக்கிக் காட்டி ஓரம், இன்ஜினை அணை. இந்த வரிசைதான். “ஓடுகிறதே, இன்னும் ஒரு ரவுண்டு பார்ப்போம்” என்பது இன்ஜினுக்குக் கொள்ளி வைக்கும் பேச்சு. ஸ்டார்ட்டரையும் தொடாதே. ஸ்பார்க் பிளக்கையெல்லாம் கழற்றிவிட்டு, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்று. எங்காவது முட்டினால் அதோடு நிறுத்து. ஹெட் கழன்றாக வேண்டும்.

முட்டாமல் சுற்றினால் பிளக் துளை வழியாகக் கேமராவை விட்டுப் பார். பிஸ்டன் தலையில் பிறைநிலா வடிவில் பளபளப்பாக ஒரு தடம் தெரிந்தால் வால்வு முத்தமிட்டிருக்கிறது. கம்ப்ரஷன் பார், லீக்-டவுன் டெஸ்ட்டும் பார், வால்வு கிளியரன்ஸை எடு. ஆயில் ஃபில்டரைக் கழற்றி வெட்டு. உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் பேப்பரை நீளமாக வெட்டி எடுத்து, எண்ணெயைப் பிழிந்துவிட்டு வெள்ளைத் துணி மேல் விரித்து, வெயிலில் சாய்த்துப் பார். மினுமினுப்பு தெரிந்தால் ஒரு காந்தத்தைக் கொண்டு போ. ஒட்டினால் இரும்பு: கேம், ராட், செயின் பக்கம் தேட வேண்டும். ஒட்டாமல் செம்பு நிறத்திலோ சாம்பல் நிறத்திலோ கிடந்தால் பேரிங்.

எல்லாம் சுத்தமாக இருந்தாலும் வால்வு கவரைக் கழற்றி ரிட்டெய்னரை ஒவ்வொன்றாக டார்ச் அடித்துப் பார்க்கச் சொல். விரிசல் விட்ட ரிட்டெய்னரோடு வாரக்கணக்கில் ஓடி, பிறகு ஹைவேயில் வால்வை விழுத்திய வண்டிகள் உண்டு. மெக்கானிக்கிடம் நடந்ததை மறைக்காதே, எந்தக் கியரிலிருந்து எந்தக் கியர், எந்த ரெவ் என்று சொல். சர்வீஸ் சென்டரில் “திடீரென்று சத்தம் வந்தது” என்று கதை விடுவதிலும் பயனில்லை. இப்போது வரும் வண்டிகளில் பல, அளவுக்கு மீறிய ரெவ்வைத் தானே குறித்து வைத்துக்கொள்கின்றன. வாரன்டி கேட்டுப் போகிறவனுக்கு முன்னால் அந்தப் பதிவு போய் நிற்கும்.

13. பழைய மேனுவல் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறாய் என்றால் இன்னொருவன் கை செய்ததையும் சேர்த்துத்தான் வாங்குகிறாய். போர்ஷே வண்டிகளில் இன்ஜின் கம்ப்யூட்டர் ரெட்லைனுக்கு மேல் நடந்ததைப் படிப்படியாகப் பிரித்து வைத்திருக்கும். பழைய 996 மாடலில் இரண்டு படி, 2009-க்குப் பிந்தியவற்றில் ஆறு. ஒவ்வொரு படியிலும் எத்தனை இக்னிஷன், கடைசியாக இன்ஜின் எத்தனையாவது மணி நேரத்தில் என்று இருக்கும். கீழ்ப் படிகளில் எண் இருப்பது பெரிய குற்றமில்லை, லிமிட்டரைத் தொட்டு ஓட்டினாலே அது ஏறும். மேல் படிகளுக்கு ஆக்சிலரேட்டரை மிதித்துப் போக முடியாது. தப்பான கியர் ஒன்றுதான் வழி. மேல் படியில் எண் இருந்தால் அந்த மணி நேரத்தைப் பார். அதற்கப்புறம் நூற்றுக்கணக்கான மணி நேரம் நல்லபடி ஓடியிருந்தால் பேரம் பேசலாம், லீக்-டவுன் ரிப்போர்ட்டோடு. போன மாதத்துக் கணக்காக இருந்தால், விற்கிறவர் எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும், டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பு. பதிவு வைக்காத பழைய வண்டிக்கு மேலே சொன்ன காந்தமும் வெள்ளைத் துணியும்தான்; ஃபில்டரை வெட்டிப் பார்க்க விற்கிறவர் சம்மதிக்கவில்லை என்றால் வேறு வண்டி பார்.